துக்க வீட்டு உருளைக்கிழங்கு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 'ஃபியூனரல் பொட்டேட்டோஸ்' என்று ஒரு பதார்த்தம் உண்டு. துருவிய உருளைக்கிழங்கு, டின்னில் வரும் கோழி கிரீம் சூப், புளித்த கிரீம், சீஸ் எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டிக் கலந்து, மேலே நொறுக்கிய கார்ன்ஃபிளேக்ஸைத் தூவி ஓவனுக்குள் தள்ளிவிட்டால் முடிந்தது. பெயர்தான் சாவுக்கு, ஈஸ்டர் விருந்துக்கும் இதே தட்டுதான் வரும். 2002-இல் சால்ட் லேக் சிட்டியில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது, சட்டையில் குத்திக்கொள்ள இதன் உருவத்தில் பின்கூடப் போட்டார்கள். கருமாதிச் சாப்பாட்டை நெஞ்சில் குத்திக்கொண்டு திரிய நம்மில் யாருக்குத் துணிச்சல் வரும்? நாம் கேசரியைத் தூக்கிக்கொண்டு சாவு வீட்டுக்குப் போனால் அடிதடி நடக்கும். இப்படி எல்லாவற்றையும் ஒரே தட்டில் கலந்து வேகவைக்கும் கேசரோலுக்கோ நல்லது கெட்டது தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அதன் தகுதி என்பது என் கட்சி.

டின் சூப்பைக் கொட்டுவதெல்லாம் ஒரு சமையலா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கடையில் வாங்கிய சாம்பார் பொடியை டப்பா மாற்றி வைத்திருப்பவர்களும் அதில் அடக்கம். சூப்பில் இருப்பது மாவும் கொழுப்பும் பாலும். முறைப்படி நின்று கிண்டவேண்டிய வெள்ளைக் குழம்பை யாரோ முன்கூட்டியே கிண்டி அடைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். 1955-இல் கேம்ப்பெல் சூப் நிறுவனத்தின் சமையல்கூடத்தில் டோர்கஸ் ரெய்லி பீன்ஸ் கேசரோலை உருவாக்கியபோது, பெரும்பாலான வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் சாமான்களே போதும் என்பதுதான் கணக்கு. பீன்ஸ், காளான் சூப், பால், சோயா சாஸ், மிளகுத்தூள், மேலே பொரித்த வெங்காயம். பின்னாளில் கேட்டபோது, அதைச் செய்த ஞாபகமே அவருக்கு இல்லையாம். இதைவிடப் பெரிய நற்சான்று வேண்டுமா? செய்தவரே மறந்துபோகும் அளவுக்குச் சிரமமில்லாத பண்டம் அது! அதன் குறிப்பு அட்டை அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் புகழ் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தது வேறு கதை.

எல்லாம் ஒரே ருசி, பார்க்கவும் லட்சணமில்லை என்பது அடுத்த புகார். லட்சணத்துக்குத்தான் மேலே அந்த மொறுமொறுப்பு. அடியில் என்ன நடந்தது என்று யாரும் விசாரிக்க முடியாது. ருசி விஷயத்தில் வாதாட மாட்டேன். ஆனால் இழவு விழுந்த வீட்டில் யாருக்கு வேண்டும் கைமணம்? அற்புதமான சாப்பாடு வந்தால், 'பிரமாதம், எப்படிச் செய்தீர்கள்?' என்று அழுகைக்கு நடுவே கேட்டாக வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கும் அதே கஷ்டம்தான். கேசரோல் அந்த உபசார வார்த்தையை யாரிடமும் எதிர்பார்ப்பதில்லை. முதல் நாளே கலந்து குளிர்பெட்டியில் வைக்கலாம். எத்தனை பேர் எப்போது வந்தாலும் கரண்டியால் வெட்டிப் போடலாம். ஆறினால் திரும்பச் சூடாக்கலாம். அது வைக்கும் கடன் ஒன்றே ஒன்று. தட்டின் அடியில் ஒட்டுநாடாவை ஒட்டிக் கொண்டுவந்தவர் பெயரை எழுதியிருப்பார்கள், நாம் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற அதே காரணத்துக்காக. அனுதாபம் எவ்வளவு ஆழமானதானாலும் பைரெக்ஸ் கண்ணாடித் தட்டு வீடு வந்து சேர்ந்தாக வேண்டும்.