அம்பாசடர் பின்விளக்கு: பாடபேதங்களும் இடைச்செருகல்களும்

பழைய அம்பாசடரில் பிரேக்கை மிதித்தால் இடது இண்டிகேட்டர் ஏன் மினுக் மினுக்கென்று மங்கலாக எரிகிறது என்னும் வினா இதுகாறும் அறிஞர் கவனம் பெறவில்லை. பாட்டில் வருவது காக்கையா கரிக்குருவியா என்று மூன்று நாள் கருத்தரங்கு நடத்துவோர், தம் வண்டிக்குப் பின்னால் வருபவன் ஏன் ஓயாமல் ஹாரன் அடிக்கிறான் என்று திரும்பிப் பார்த்ததில்லை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது.

முதற்கண் நூல் வரலாறு. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை முதனூல். 1957 முதல் 2014 வரை உத்தரப்பாராவில் உருவான அம்பாசடர் அதன் வழிநூல். புதுப்பேட்டையில் வாங்கிய ஹோல்டரும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கிய சுவிட்சும் சேர்ந்து, இன்று நம் வீட்டு வாசலில் எண்ணெய் ஒழுக நிற்பது சார்புநூல். இதில் எது மூலபாடம் என்பதே சிக்கல்.

இனி நோய் வகை.

பல்பு போதல்: மாற்றுக.

பியூஸ் போதல்: மாற்றுக. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி ஓட்டுவாரும் உளர்; அவர்தம் வண்டிகள் கிடைக்காமையால் மேலாய்வு இயலவில்லை.

பிரேக் சுவிட்ச்: பழைய வகை, பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் இயங்குவது. கிழடு தட்டினால், இரண்டு காலாலும் ஏறி மிதித்தால்தான் விளக்கு எரியும். அதற்குள் பின்னால் வந்தவர் நமக்கு அறிமுகமாகிவிடுவார்.

பிளாஷர்: உள்ளிருக்கும் உலோகப் பட்டை சூடாகி வளைந்து, ஆறி நிமிர்வதால் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. 21 வாட் பல்பு முன்னொன்று பின்னொன்று, பேட்டரி 12 வோல்ட். ஆக மூன்றரை ஆம்பியர் ஓடவேண்டும். ஒரு பல்பு போனால் கரண்ட் பாதியாகும், பட்டை போதிய சூடேறாது, சிமிட்டலும் நின்றுவிடும். நாகரிகம் கருதி எல்இடி பல்பு போட்டவர்க்கும் இதே கதிதான். பிளாஷரைக் குற்றம் சொல்லி மூன்று புதுசு வாங்குவது நெடுநாள் மரபு.

வயர் நிறமே நம் ஆய்வின் உயிர்நிலை. பிரிட்டிஷ் கார்களின் லூகாஸ் மரபுப்படி, பச்சையில் சிவப்புக் கோடு இடது இண்டிகேட்டர், பச்சையில் வெள்ளைக் கோடு வலது, பச்சையில் ஊதாக் கோடு பிரேக், கருப்பு எர்த். சூத்திரம் தெளிவு. ஆனால் அரை நூற்றாண்டு வெயிலிலும் கிரீஸிலும் கிடந்தபின் மூன்று கோடுகளும் ஒரே சேற்று நிறம். இங்கே பாடபேதம் தோன்றுகிறது. ‘ஊதா’ எனப் பாடங்கொள்வாரும் ‘வெறும் பச்சை’ எனப் பாடங்கொள்வாரும் இரு கட்சியாய்ப் பிரிந்தனர் (காண்க: ஷெட் சுவர், கரிக்கட்டி எழுத்து, கீழிருந்து இரண்டாம் வரி). ‘பழுப்பு’ என்று கொண்ட மூன்றாம் கட்சியார், பழுப்பு பேட்டரியிலிருந்து நேரே பியூஸின்றி வருவது என்பதை பாடியில் உரசிப் பொறி பறக்க நிறுவினர்.

இதனினும் பெரிது இடைச்செருகல். டிக்கிப் பாயைத் தூக்கினால், பச்சை வயர் சாண் நீளம் வந்து நிற்கும். அங்கிருந்து யாரோ ஒரு பிற்காலத்தார் ஸ்பீக்கர் வயரை முறுக்கிச் சேர்த்திருப்பார். மேலே இன்சுலேஷன் டேப், அதற்கு மேல் பிளாஸ்திரி. அதில் கருப்பு எர்த்தன்று, கரண்டே. இவ்விடைச்செருகலின் காலத்தை, டேஷ்போர்டு பெட்டியில் கிடைத்த பில்லின் பின்புறக் குறிப்பால் ஒருவாறு துணியலாம் (கிரீஸ் படிந்த பகுதி வாசிக்கக் கூடவில்லை, கூடிய பகுதி டீக்கணக்கு).

இறுதியாக எர்த். ஷெட்டுகளில் வழிவழியாக வழங்கும் ‘எர்த் பாரு’ என்னும் இருசொற் சூத்திரத்துக்கு உரை நாற்பது பக்கம், உரைக்கு ஒரு விளக்கம், விளக்கத்துக்கு ஒரு மறுப்பு (விளக்கமும் மறுப்பும் ஒருவரே எழுதியவை, பதவி உயர்வுக்கு இரண்டு கட்டுரை கேட்டார்களாம். நெறியாளர் பெயர் இரண்டிலும் முதலில்). சூத்திரத்தின் பொருளோ இதுதான்: பிரேக் இழை வழியே வந்த கரண்ட், ஹோல்டர் துருப்பிடித்திருந்தால் பாடிக்கு இறங்க வழியின்றித் தவிக்கும். பக்கத்து இண்டிகேட்டரும் அதே எர்த்தை நம்பியிருந்தால், அதன் இழைக்குள் பின்வாசலாகப் புகுந்து, பச்சை-சிவப்பு வயரில் முன்பக்கம் வரை ஓடி, அங்குள்ள பல்பு வழியே இறங்கும். ஆகவேதான் பின்னால் எரியவேண்டியது முன்னால் மினுங்குகிறது. டெயில் லைட்டின் 5 வாட் இழையும் இவ்வாறே சுரண்டப்படும்.

இக்கோட்பாட்டை நாம் வகுத்துக்கொண்டிருந்தபோது, ஷெட்டுப் பையன் பல்பைக் கழற்றி, ஹோல்டரின் உட்புறத்தை உப்புத்தாளால் நாலு தேய் தேய்த்து, எர்த் ஸ்குருவையும் சுரண்டி இறுக்கினான். பிரேக் லைட் பளிச்சென்று எரிந்தது. இண்டிகேட்டர் அடங்கியது. எனினும், முன்னாய்வு மீளாய்வும் கருதுகோளும் இல்லாததால் இதை முடிவென ஏற்பதற்கில்லை. சான்று ஏதும் உண்டா என்று கேட்டோம். இருநூறு ரூபாய் கேட்டான்.

வலப்புற விளக்கு இரண்டாம் தொகுதியில் ஆராயப்படும். நல்கைக்கு விண்ணப்பித்துள்ளோம்.