நாக்குக்கு நோன்பு

புனித வெள்ளியன்று சின்னமலை மாதா கோயில் மணி வாயே திறக்கவில்லையே, மணி அடிப்பவர் லீவா?
- வாசகர், சைதாப்பேட்டை

அவர் இல்லை, மணிதான் லீவு! நாக்கு இருந்தால் நோன்பும் உண்டே? பெரிய வியாழன் மாலை வானவர் கீதத்தோடு அடங்கும் மணி, சனி இரவு பாஸ்கா திருவிழிப்பில்தான் மறுபடி பேசும். நடுவில் மரக்கட்டைத் தட்டல்தான். வெள்ளியன்று கத்தோலிக்கக் கோயில்களில் திருப்பலியே கிடையாது. (அண்ணா சாலை ஹாரன்களுக்கு இந்த மௌன நோன்பை யார் சொல்வது?)

மணியைவிட அதிகம் காத்திருந்தவரும் உண்டு. சின்னமலைக் குகையில் தங்கியதாகச் சொல்லப்படும் இயேசுவின் சீடர் தோமையாரை 'சந்தேகப் பேர்வழி' என்கிறோம். மற்றச் சீடர்களுக்கு ஞாயிறன்றே, உயிர்த்த இயேசுவைக் கண்டு, துக்கம் தீர்ந்தது. அன்று அங்கே இல்லாத அவருக்கு, யோவான் நற்செய்திப்படி, எட்டு நாள் கழித்துத்தான்.