கல்வெட்டில் பெயர், டேங்கில் பாசி

மண்டகப்பட்டுப் பாறையைக் குடைந்து மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்த பல்லவ மன்னன் மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் இதைச் செய்தேன் என்று வடமொழியில் கல்லில் வெட்டிவைத்தான். விசித்திரசித்தன் என்ற தன் பட்டப்பெயரையும் மறக்காமல் போட்டுக்கொண்டான். அது ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். நாம் மட்டும் சளைத்தவர்களா? சாக்கடை இல்லாமல், சுத்திகரிப்பு இல்லாமல், கேட்பார் இல்லாமல், வெட்கம் இல்லாமல் ஊர் ஊராக எழுப்பிக் காட்டிவிட்டோம். இந்த ஒரு சாதனைக்குத்தான் இன்னும் கல்வெட்டு வைக்கவில்லை.

மற்றதற்கெல்லாம் வைத்தாயிற்று. தண்ணி டேங்க் அடியில் கருப்புக் கிரானைட் பலகை. அதில் தலைமை, முன்னிலை, வரவேற்பு, திறந்து வைத்தவர் என்று பொன்னெழுத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகையே இருக்கும். நிமிர்ந்து பார்த்தால் டேங்கின் உடம்பில் பெயின்ட்டால் எழுதியிருப்பார்கள்: கொள்ளளவு இத்தனை லிட்டர், சுத்தம் செய்த நாள், அடுத்துச் சுத்தம் செய்ய வேண்டிய நாள். கொள்ளளவு பளிச்சென்று தெரியும். நாள் இருக்க வேண்டிய இடம் பல ஊர்களில் காலி, அல்லது வெயிலில் வெளுத்துப்போய் எந்த ஆட்சியில் எழுதியது என்று தொல்லியல் துறையைத்தான் கேட்க வேண்டும்.

மேலே ஏறிப் பாசி கழுவுகிற டேங்க் ஆபரேட்டருக்குக் கிரானைட்டில் இடம் கிடையாது. பிளீச்சிங் பவுடரை பக்கெட்டில் கரைத்து, கசடு அடியில் தங்கும்வரை பொறுத்து, தெளிந்த நீரை மட்டும் அவர் ஊற்ற வேண்டும். மூட்டை திறந்து கிடந்து பவுடர் வீரியம் இழந்திருந்தால், அவர் ஊற்றுவது வெறும் சுண்ணாம்புத் தண்ணி. குழாயில் வரும் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, மருந்து சில சொட்டு விட்டால் மஞ்சளாக மாறும். மாறாவிட்டால் குளோரின் இல்லை. இவ்வளவு எளிய பரீட்சை. திறப்பு விழாப் பந்தல் செலவில் எத்தனை ஊருக்கு அந்த மருந்து வாங்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள், இரத்தக் கொதிப்பு வரும்.

அந்தக் காலத்துச் செஞ்சிக் கோட்டைக்காரர்கள்கூடக் கல்யாண மகாலின் மாடிவரை சுடுமண் குழாயில் தண்ணீர் ஏற்றினார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ அந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பார்க்கப் போகிறவர் கையில் பிளாஸ்டிக் பாட்டில். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தண்ணீர் பாக்கெட்டுக்குத் தடை, பாட்டிலுக்கு இல்லை. பாக்கெட்காரன் கூடையில் வைத்து விற்றவன், பாட்டில்காரன் லாரியில் ஏற்றி விற்பவன். தடைச் சட்டத்துக்கு அந்த அளவுக்கு மரியாதை தெரிந்திருக்கிறது.

சரி, நாம் யோக்கியமா? வடை சுட்ட எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுகிறோம். காலாவதி மாத்திரையைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விட்டுப் புண்ணியம் தேடுகிறோம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பிள்ளையாருக்குப் பளபள பெயின்ட் அடித்து, மூன்று நாள் கும்பிட்டு, ஏரியில் தள்ளுகிறோம். களிமண் பிள்ளையாருக்கு வரம் கொடுக்கத் தெரியாதா என்ன? செப்டிக் டேங்க் என்ற பெயரில் அடியில் தளமே இல்லாத உறை இறக்கி, பக்கத்திலேயே போர் போட்டு, உள்ளே விட்டதையே மோட்டார் வைத்து மேலே எடுக்கிறோம். அது நிரம்பினால் கரண்டு கம்பத்தில் எழுதியிருக்கும் நம்பருக்கு போன். லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடுவானோ என்ற பயம். இருட்டியதும் அது ஏதோ ஓர் ஏரிக்கரையில் வால்வைத் திறக்கும். செஞ்சி மலைப்பக்கம் பிறக்கும் சங்கராபரணியில் நாம் சேர்ப்பதெல்லாம் வீடூர் அணை வழியாகப் புதுச்சேரிக்குப் பார்சல்.

இவற்றை நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் பல் விளக்கும்போது குழாயை மூடு என்று வீட்டுப் பெண்களுக்குச் சுவரில் பாடம் எழுதுகிறவர்கள், ஆற்றில் வாய் வைத்திருக்கும் தொழிற்சாலைக் குழாயை மூடச் சொல்லும்போது மட்டும் ஏன் திக்குகிறார்கள்? பாலாற்றைக் கெடுத்த தோல் ஆலைகள் வழக்கில், கெடுத்தவரே விலை கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் சொன்னது. அதே பாலாற்றுக்காக 2025 ஜனவரியில் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. இடையில் ஒரு தலைமுறை அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்து, கல்யாணமும் செய்துகொண்டுவிட்டது.

மண்டகப்பட்டு ராஜா அங்கதக்காரனும்கூட. அவன் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசன'த்தில் காபாலிகன் பிச்சையெடுக்கும் மண்டையோடு காணாமல் போகும். பழி புத்த பிட்சு மேல் விழும். எடுத்தது நாய் என்று கடைசியில் தெரிந்துவிடும். கூத்துக்கு ஒரு முடிவு இருந்த காலம். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் டேங்கில் மலம் கலக்கப்பட்டது. குழந்தைகள் நோயில் விழுந்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. இரண்டு ஆண்டு விசாரித்த சிபிசிஐடி, 2025 ஜனவரியில் பாதிக்கப்பட்ட அந்தத் தெருவின் மூன்று பேர் மீதே குற்றப்பத்திரிகை போட்டது. தெரு அதை ஏற்கவில்லை. மகேந்திரவர்மனே வந்தாலும் இதைவிடக் கொடிய கூத்து எழுத முடியாது. எழுதினால் நாய் கோபித்துக்கொள்ளும்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். அன்று தமிழ்நாட்டில் ஊராட்சிதோறும் கிராம சபை கூட வேண்டும். மேடையில் அரை லிட்டர் பாட்டில்களை வரிசையாக அடுக்கிவைத்துக்கொண்டு, பாதுகாப்பான குடிநீர் பற்றித் தீர்மானம் வாசிப்பார்கள். அடுத்த முறை யாராவது ஒருவர் எழுந்து அந்த பாட்டில்களை எடுத்துவிட்டு, ஊர் டேங்கிலிருந்து ஆளுக்கு ஒரு சொம்பு பிடித்து மேடையில் வையுங்கள். தலைவர், செயலர், அரசு அனுப்பும் பற்றாளர், வந்திருக்கும் பெரிய மனிதர்கள் எல்லோரும் குடித்து முடிக்கட்டும். தீர்மானத்தை அதற்குப் பிறகு வாசிக்கலாம்.