ரோஸ் கார்டுக்கு ஆயிரம் சதுர அடி

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகாவைத் தமிழ்நாட்டுக்கும் நெய்யாற்றின்கரை தாலுகாவைக் கேரளத்துக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். சம்பந்திகளை மட்டும் பிரிக்க முடியவில்லை. அதனால் கேரளத்துப் பாறசாலைக் கல்யாண வீடுகளில் ரேஷன் பேச்சு ஓயாது.

தமிழ்நாட்டுப் பக்கத்துக் களியக்காவிளைச் சம்பந்திக்கு அரிசி அட்டை இருந்தால் போதும். 2011 ஜூனிலிருந்து அரிசி இலவசம். கேரளமான இந்தப் பக்கம் அட்டைக்கு நாலு நிறம்: மஞ்சள், ரோஸ், நீலம், வெள்ளை. முன்னுரிமை ரோஸ் கார்டு வேண்டுமா? வீடு ஆயிரம் சதுர அடியைத் தாண்டக் கூடாது. நிலம் ஓர் ஏக்கருக்கு மேல் ஆகாது. மாத வருமானம் 25,000 ரூபாயைத் தாண்டினால் போச்சு. சொந்தக் காரும் ஆகாது. பிழைப்புக்கு ஓட்டும் ஒற்றை டாக்சிக்கு மட்டும் விலக்கு. ஊராரை ஏற்றிக்கொண்டு கோவளம் போகலாம். பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு போகத்தான் ஒரு கார் வாங்கக் கூடாது.

இல்லாதவருக்குப் போகவேண்டிய அரிசி, அதில் தகராறு இல்லை. ஆனால் மகனுக்குக் கல்யாணம் வைத்து ஓர் அறை கூட்ட நினைப்பவர், கொத்தனாரைக் கேட்பதற்கு முன் ரேஷன் கடைக்காரரை அல்லவா கேட்க வேண்டியிருக்கிறது! அறை கட்ட யாரும் தடை போடவில்லை. கட்டினால் கார்டின் நிறம் மாறும், அவ்வளவுதான்.

நிறம் பார்க்காமல் நடமாடுவது தமிழ்நாட்டிலிருந்து வரும் கடத்தல் ரேஷன் அரிசி ஒன்றுதான். சோதனைச் சாவடியில் பிடிபட்டது போக மிச்சம் இருட்டில் எல்லை தாண்டி, மில்லில் பாலிஷ் போட்டுக்கொண்டு, புதுச் சாக்கில் கடைக்கு வருகிறது. அறை கட்டி கார்டை இழந்தவர் அதைக் காசு கொடுத்து வாங்கி, சம்பந்திக்கே விருந்து வைக்கிறார்.