ஏப்ரலில் வாங்க, ஐந்தாவது மார்ச்சில் கிளம்புங்க

தாய்மொழி ஆங்கிலம், அது போதும் என்று ஆங்கிலம் கற்பிக்க ஜப்பானுக்கு விமானம் ஏறுபவரைப் பல்கலைக்கழக வாசலில் முதுகலைப் பட்டமும் ஆய்வுக்கட்டுரைப் பட்டியலும் வழிமறிக்கின்றன. பல வேலை விளம்பரங்கள் ஜப்பானிய மொழியறிவும் கேட்கும். துறைக் கூட்டத்தில் தலையாட்ட வேண்டுமே!

ரோபோக்களின் தேசம்தான். ஆனாலும் விண்ணப்பத்தை அச்சிட்டு, உறைமேல் சிவப்பு மையில் உள்ளே இருப்பதை எழுதி, தபாலில் அனுப்பச் சொல்லும் துறைகள் உண்டு.

பகுதிநேர ஆசிரியருக்குக் கூலி வகுப்புக் கணக்கில்; ஒரு வகுப்பு பெரும்பாலும் 90 நிமிடம். காலையில் ஒரு பல்கலை, மதியம் இன்னொன்று, நடுவே ரயில்.

ஒப்பந்த ஊழியர் ஐந்தாண்டைத் தாண்டினால் காலவரையற்ற வேலை கேட்கலாம் என்றது 2013 ஏப்ரலில் அமலான சட்டத் திருத்தம். நிர்வாகங்கள் சில அதை அக்கறையாகப் படித்து, ஏப்ரலில் தொடங்கும் ஒப்பந்தத்தையே ஐந்தாண்டோடு முடித்துக்கொண்டன. பிறகு ஆய்வாளர்களுக்கும் பல்கலை ஆசிரியர் பலருக்கும் அந்த வரம்பு பத்தாண்டானது. சம்பளத்தைப் பார்க்குமுன் முடிவுத் தேதியைப் பாருங்கள்.