பெரியப்பாவின் முள்ளும் என் எட்டுக் கோடுகளும்

பெரியப்பாவின் அம்பாசிடரில் பெட்ரோல் முள் எப்போதும் ‘ஈ’யில்தான் படுத்திருக்கும். டேங்க் வழிய வழியப் போட்டாலும் எழுந்திருக்காது. கிலோமீட்டர் மீட்டரும் ஓடாது. ஆனாலும் மதுரைக்கும் தேனிக்கும் நடுவே அந்த வண்டி பெட்ரோல் இல்லாமல் நின்றதாக எனக்கு நினைவில்லை. டிரைவர் அண்ணன் மைல்கல்லை எண்ணிக்கொண்டே ஓட்டுவார். உசிலம்பட்டி தாண்டினால் இவ்வளவு, ஆண்டிபட்டி கணவாய் ஏறினால் கூட அரை லிட்டர் என்று எல்லாம் வாய்க்கணக்குதான். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுத்துவிட்டால் பெரியப்பா அன்றைக்கு வண்டிக்குத் திருஷ்டி கழிப்பார்.

சந்தேகம் வந்தால் அண்ணன் வண்டிக்குப் பின்னால் குனிந்து, விரல் முட்டியால் டேங்கைக் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே வருவார். பெட்ரோல் இருக்கும்வரை ‘தொப் தொப்’. அதற்கு மேலே ‘டங்’. சத்தம் மாறுகிற இடம்தான் மட்டம். “தேனிக்குத் தாங்கும்ணே, ஏறுங்க” என்பார். அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஒருநாள் பட்டறை பாயிடம் வண்டி போனது. பாய் முதலில் எந்தப் பாகத்தையும் கழற்றவில்லை. டேங்க் மிதவைக்குப் போகிற ஒயரைப் பிடுங்கி, சாவியைப் போடச் சொல்லி, ஒயர் முனையைப் பாடியில் தொட்டார். முள் மெதுவாக எழுந்து ‘எஃப்’ பக்கம் நகர்ந்தது. உடனே கையை எடுத்துவிட்டார். ரொம்ப நேரம் தொட்டால் மீட்டர் கருகிவிடுமாம். (சில வண்டிகளில் இது தலைகீழாக, எர்த் கொடுத்தால் முள் இறங்கும்.) “மீட்டரும் நல்லாருக்கு, ஒயரும் நல்லாருக்கு மொதலாளி. உள்ள மிதப்புதான் மூழ்கிருச்சு.”

மிதவையைக் கழற்றிக் காதருகே ஆட்டினார். உள்ளே ‘களக் களக்’. பித்தளை உருளையின் பற்றவைப்பில் ஊசிமுனை அளவு ஓட்டை, அதன் வழியே பெட்ரோல் புகுந்துவிட்டது. வெந்நீரில் முக்கியதும் ஓட்டையிலிருந்து குமிழ் குமிழாக வந்தது. பெட்ரோல் முழுக்கப் போகும்வரை வெயிலில் போட்டுவைத்து, அப்புறம்தான் ஈயம் வைத்தார். வேறு செலவில்லை, கூலி மட்டும்தான்.

முள் உண்மை பேச ஆரம்பித்தது. பெரியப்பா அதை நம்பவில்லை. “இத்தனை வருசம் பொய் சொன்னது இன்னைக்கு மட்டும் நெசம் சொல்லுமாக்கும்?” என்றார். மைல்கல் கணக்கு தொடர்ந்தது.

2014இல் உத்தர்பாரா ஆலையில் அம்பாசிடர் தயாரிப்பே நின்றுபோனது. இப்போது என் காரில் முள் கிடையாது; எட்டுக் கோடுகள். இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதையும் காரே சொல்லிவிடும். மனக்கணக்கு போடும் வேலை இல்லாததால் எனக்கு அது மறந்தும்விட்டது. போன மழைக்காலத்தில் ஒருநாள், டேங்க் நிரப்பி வெளியே வந்ததும் எட்டுக் கோடும் அணைந்தன. பெட்ரோல் மூடி எந்தப் பக்கம் என்று காட்டும் குட்டி அம்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. ஃபோர்டில் ஜிம் மொய்லன் என்ற இன்ஜினியர், மழையில் நனைந்துகொண்டே பெட்ரோல் போட்ட எரிச்சலில் 1986இல் எழுதிக் கொடுத்த யோசனை அது. எந்தப் பக்கம் போடுவது என்று தெரிகிறது, எவ்வளவு இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. தட்டிப் பார்க்கலாமென்றால் டேங்க் பிளாஸ்டிக்.

சர்வீஸ் சென்டரில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் சொருகினார்கள். ‘பி 0463’ என்று வந்தது. லெவல் சென்சார் சர்க்யூட்டில் வோல்டேஜ் அதிகம் என்று பொருள். ஒயர் எங்கோ விட்டிருந்தாலும் அந்தப் பிழை எண் வரும். ஆனால் அங்கிருந்த தம்பி எஸ்டிமேட்டை நீட்டிவிட்டார்: “ஃப்யூயல் பம்ப் மாட்யூல் மொத்தமா மாத்தணும் சார். சென்சார் தனியா வராது.” தொகை ஐந்து இலக்கம். பம்ப் நன்றாகத்தானே ஓடுகிறது என்றேன். “ஆமா சார், ஆனா ரெண்டும் ஒரே செட்.” கண்ணாடியில் தூசி என்று போனவனுக்குக் கண்ணையே மாற்றச் சொன்ன மாதிரி.

அந்தக் காலத்தில் பெட்ரோல் தீர்ந்தாலும் பெரிய நஷ்டமில்லை. கேனை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, வாங்கி வந்து ஊற்றி, இன்ஜின் பக்கத்தில் இருக்கும் பம்பின் கைப்பிடியை நாலு தடவை அமுக்கினால் கிளம்பிவிடும். இப்போது பம்ப் டேங்குக்குள்ளேயே உட்கார்ந்து, அந்தப் பெட்ரோலிலேயே சூடு ஆறுகிறது. காலி டேங்கோடு ஓட்டினால் பம்புக்கே ஆபத்து. அதாவது, மீட்டர் பொய் சொன்னாலும் தாங்கிய வண்டியில் ஆளுக்குக் கணக்கு தெரிந்திருந்தது. தாங்காத வண்டியில் என்னைப் போன்றவன் உட்கார்ந்திருக்கிறான்.

வெளியே ஒரு எலக்ட்ரீஷியனிடம் காட்டினேன். பின் சீட்டைத் தூக்கி மூடியைக் கழற்றி, பம்புக்குப் போகிற கனெக்டரைப் பிரித்தார். கனெக்டரின் உலோக முனைகளில் பச்சைக் களிம்பு. கிளீனர் அடித்து, துடைத்து, மாட்டினார். எட்டுக் கோடும் வந்தன.

கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வாரண்டி இருந்தால் கம்பெனியிடமே விடுங்கள். இல்லையென்றால், மாட்யூலை மாற்றச் சம்மதிக்கும் முன் கனெக்டரையும் எர்த்தையும் கண்ணெதிரே சோதிக்கச் சொல்லுங்கள். கோடு குறிப்பிட்ட ஒரே மட்டத்தில் மட்டும் குதித்தால் சென்சார் தேய்ந்திருக்கிறது. அப்போது செலவு நியாயம்தான். மாற்றிய பழைய பாகத்தை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.