பொன்னியின் செல்வனும் பொருத்தம் பார்த்தலும்: யாழ்ப்பாண வாசகர் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

கல்கி வார இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ வீரமும் சூழ்ச்சியும் நிறைந்த சரித்திர நாவல் என்று உலகம் நம்பி வருகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் அது ஐந்து பாகங்களில் அமைந்த கலியாணப் பேச்சு. சோழ அரியணை யாருக்கு என்பது இங்கே இரண்டாம்பட்சம். குந்தவை யாருக்கு என்பதே முதற்கேள்வி.

2. ஆய்வு முறை

சனசமூக நிலைய வாசிகசாலை, கோயில் வீதி, கலியாண வீடு, செத்த வீடு ஆகிய களங்களில் தரவு திரட்டப்பட்டது. இவற்றுள் செத்த வீடே வளமான களம்: கதைக்க நேரம் உண்டு, இடையில் எழும்பிப் போகவும் முடியாது. இதழ்ப் பக்கங்களைக் கிழித்துக் கட்டிய பழைய பைண்டிங்கில் படித்தோர் ஒருவகை. 2022, 2023இல் வந்த மணிரத்னம் படங்களைப் பார்த்துவிட்டுப் படித்ததாகச் சொல்வோர் மறுவகை. முன்னவர்களுக்குக் குந்தவை என்றால் ஓவியர் மணியம் வரைந்த கொண்டை. பின்னவர்களுக்குத் திரிஷாவின் முகம். கொண்டையா முகமா என்ற சண்டை இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

3. தரவுகள்

3.1 வந்தியத்தேவன்: “பொடியன் நல்லவன்தான். ஆனா என்ன செய்யிறான்?” வாணர் குலத்துப் பிள்ளை, காணி பூமி எல்லாம் முன்னோர் காலத்தோடு போயிற்று. “கோழி மேய்ச்சாலும் கோறணமேந்திலை மேய்க்கவேணும்” என்ற யாழ்ப்பாணப் பழமொழியின்படி அவன் தேறுவானா? ஆதித்த கரிகாலனின் ஓலையைத் தஞ்சைக்குக் கொண்டுபோவது நிரந்தர அரசாங்க உத்தியோகமா, தற்காலிகத் தபால் வேலையா என்பதில் அறிஞர் பிளவுபட்டுள்ளனர். பென்சன் பற்றிக் கல்கி வாய் திறக்காதது சிக்கலை முற்றவைத்துவிட்டது.

3.2 நந்தினி: “அவள் ஆற்றை பிள்ளை?” மற்ற ஊர் வாசகர் பாகம் பாகமாகக் காத்திருந்து தெரிந்துகொள்ள முயலும் மர்மத்தை, இவ்வூர் மாமிமார் பல்லக்குத் திரை விலகிய உடனேயே கேட்டுவிட்டார்கள். பெரிய பழுவேட்டரையருடனான வயது வித்தியாசம் அடுத்த கேள்வி. அவளுடைய பழிவாங்கும் சபதத்தை எவரும் பெரிதாக எடுக்கவில்லை. அந்தளவு கோபம் எந்தக் குடும்பத்திலும் உண்டு என்பது பொதுக்கருத்து.

3.3 வானதி: அடிக்கடி மயங்கி விழுகிறாள். “பிள்ளையை ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டினவையோ?” கொடும்பாளூர் வீட்டார் எதையோ மறைக்கினம் என்ற ஐயம் இன்னும் தீரவில்லை.

3.4 அருள்மொழிவர்மன்: நாவலில் பிக்குகள் நள்ளிரவில் இலங்கை மணிமுடியை நீட்ட, வேண்டாம் என்கிறான். வரலாற்றிலோ அதே ஆள் ராஜராஜனாகி, 993 அளவில் படை அனுப்பி அநுராதபுரத்தையே பிடித்தான். இதுபற்றி ஒரு முதியவர் தந்த கருத்து: “சீதனம் ஒண்டும் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டுப் பிறகு வந்து காணியை எழுதுவிக்கிற மாப்பிள்ளை மாதிரி.”

4. வடமராட்சி விலக்கு

மேற்கண்ட விதிகள் பூங்குழலிக்குப் பொருந்தா. கோடிக்கரைப் பெட்டை, அதாவது கடலுக்கு அக்கரை அயல்வீடு. இரவில் அந்நிய ஆடவனைத் தனியே வள்ளத்தில் ஏற்றி வந்தாளே என்று வலிகாமத்தில் முகம் சுளிக்கும் அதே வேளையில், வடமராட்சிக் கரையில் விவாதம் முற்றிலும் வேறு: அந்தக் காற்றுக்கு அவள் எந்தப் பக்கமாக வலித்திருக்க வேண்டும் என்பது. மேலும் தொண்டைமானாற்று முகத்துவாரம் நாவலில் வருவதால், அங்கே கோயில்கொண்ட செல்வச்சந்நிதி முருகனின் அயலவர்கள் கதையின் அப்பகுதியைத் தங்கள் முதுசச் சொத்தாகவே கருதுகின்றனர்.

5. சட்டப் பார்வை

ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த யாழ்ப்பாண வழமைச் சட்டமான தேசவழமை, சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுக்கிறது. குந்தவை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்பதும், தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் பொன்னும் நகையும் கொடுத்தாள் என்பதும் கல்வெட்டுச் செய்தி. இங்கே ஒரு நியாயவாதி நுட்பமான குறுக்குவிசாரணை செய்தார்: தேசவழமைக்கு உட்பட்ட மனைவி அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும், பொன்னுக்கு வேண்டாம். ஆகவே குந்தவை சட்டம் தெரிந்த யாரையோ கேட்டுத்தான் பொன்னாகக் கொடுத்திருக்கிறாள். “அப்புக்காத்தை வைச்சிருந்த பெட்டை” என்பது சபையின் தீர்ப்பு. கோயிலுக்கே கொடுக்கும் அளவுக்குப் பெண்ணிடம் பொன் இருக்கையில், வந்தியத்தேவனிடம் காணி இல்லாதது ஒரு குறையே அல்ல என்பதும் இதனால் முதன்முறையாக நிறுவப்பட்டது.

6. முடிபு

எல்லாத் தரப்பும் ஒருசேர நிராகரித்த ஒரே வரன் சேந்தன் அமுதன். தஞ்சையில் கோயிலுக்குப் பூக்கட்டுகிறவன். தேவாரம் பாடுவதைத் தவிர வேறு வருமானம் இல்லை. பூங்குழலி அவனுக்கு மச்சாள் முறை என்ற ஒன்றே அவன் பக்கத்து வாதம். கடைசியில் உத்தம சோழன் என்ற பெயரில் அவனே அரியணை ஏறுகிறான். வள்ளக்காரப் பெட்டை பட்டத்தரசியாகிறாள்.

பொருத்தம் பார்க்கும் முறையே தோற்றதல்லவா என்று தரவாளர்களிடம் கேட்கப்பட்டது. மூத்த மாமி ஒருவர் பாக்கு வெட்டுவதை நிறுத்தாமல் பதிலளித்தார்: “அவன்ரை சாதகத்திலை ராசயோகம் இருந்திருக்கும், தம்பி. குறிப்பை ஆர் காட்டினது?”

கேள்வி நியாயமானது. குடந்தைச் சோதிடரைப் பக்கம் பக்கமாகப் பேசவைத்த கல்கி, சேந்தன் அமுதனின் சாதகக் குறிப்பை எங்கும் இணைக்கவில்லை. எனவே முறையில் பிழை இல்லை, நாவலில்தான் பிழை என்று இவ்வாய்வு ஒருமனதாக முடிவு செய்கிறது.